ஜப்பானியப் பாடகர் கியூ சகாமோட்டோ

ஒரு பாட்டின் சொற்களுள் ஒன்றேனும் விளங்காத மக்கள் அப்பாட்டினுக்குத் தம் உள்ளத்தைப் பறிகொடுத்தல் கூடுமோ என்று வினவுவார் உளராயின், அவர்க்கு 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்ததனை விடையாகக் காட்டலாம். அம்மாதம் 15-ஆம் நாள் தொடங்கி மூன்று வாரங்கள் அந்நாட்டின் இசைத்தட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்று நின்றது முழுதும் ஜப்பானிய மொழியிலேயே பாடப்பெற்ற ஒரு பாட்டு. பாடியவர் இருபத்தோராண்டு நிரம்பிய ஓர் இளைஞர். அவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அழிக்க முற்பட்டுப் பொருத பெரும்போர் முடிந்து அப்பொழுது பதினெட்டாண்டுகளும் நிரம்பவில்லை. அன்று முதல் இன்றுவரை ஜப்பானிய மொழிப் பாடல் வேறொன்றும் அவ்விடத்தை எய்தியதில்லை. அவ்விளைஞரே இக்கட்டுரைத் தலைவராகிய கியூ சகாமோட்டோ ஆவர்.

இவரது சரித்திரத்தை நான் தேடிச் சென்றேனல்லேன். அறுபதுகளில் ஜப்பானிய வாலிபர்கள் மின்சாரக் கித்தாரைக் கையிலேந்திப் பெருமுழக்கம் செய்த குழுக்கள் பல இருந்தன. அவற்றின் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாய்க் கேட்டு வருங்கால், இவ்வாற்றின் ஊற்று யாண்டுளது என்னும் ஆவல் பிறந்தது. ஊற்றைத் தேடி மேலேறிச் சென்றவனுக்கு வழியில் எதிர்ப்பட்டவர் இவர். ஆகலின் அக்குழுக்களைக் குறித்தும் உரிய இடத்திற் சிறிது கூறுவேன்.

கியூ 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் டோக்கியோ மாநகரை அடுத்த காவாசாக்கி என்னும் தொழில் நகரில் பிறந்தார். ஜப்பானிய நாட்காட்டியின்படி, ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகம் தாக்குண்டதற்கு இரண்டாம் நாள் அது. தந்தையார் துறைமுகத்திற் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலை நடத்தியவர். மக்கள் ஒன்பதின்மருள் கடைக்குட்டியாகப் பிறந்தமையின் பிள்ளைக்கு ஒன்பது என்னும் எண்ணையே பெயராக இட்டனர். அவ்வெழுத்தை ஹிஸாஷி என்று படித்தலே வீட்டு வழக்கு. ஆயினும் எண்ணுப்பெயராகப் படிப்பின் அது கியூ என்றாகும். உலகம் அறிந்தது அப்பெயரையே. ஜப்பானியர் செல்லமாக அழைக்குங்கால் பெயரின் ஈற்றில் சான் என்னுஞ் சொல்லைச் சேர்ப்பர். நாட்டு மக்கள் அனைவரும் இவரைக் கியூச்சான் என்றே கடைசிவரை அழைத்தனர். நாற்பது வயது கடந்த பின்னரும் ஒருவரை ஊரார் நம் வீட்டுக் கடைக்குட்டி என்பது போல அழைத்து வந்தனரெனின், அவர்பால் அவர்கள் வைத்த அன்பு எத்தகையதென்பது விளங்கும்.

இளமையிலேயே கூற்றுவன் ஒருமுறை இவரை நெருங்கிவந்து விலகிப் போனான். 1943-ஆம் ஆண்டில் தாயுடன் இவர் ஏறிச்சென்ற புகைவண்டி பெரியதொரு விபத்துக்குள்ளாயிற்று. அதற்குச் சற்று முன்னர்த்தான் தாயும் சேயும் வேறொரு பெட்டிக்கு மாறியிருந்தனர். ஆகலின் உயிர் பிழைத்தனர். போர் மும்முரமாக நடந்த காலத்தில் குடும்பத்தினர் இபராக்கி மாகாணத்திலுள்ள கஸாமா என்னும் ஊரிற் சென்று தங்கினர். தொழிற்சாலைகள் நிறைந்த காவாசாக்கி 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வானினின்று வீழ்ந்த நெருப்புக் குண்டுகளால் பெரும்பகுதி எரிந்தது. கஸாமா என்னும் ஊர்ப்பெயரை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். அது இவர் வாழ்க்கையில் மீண்டும் இருமுறை வரும்.

போர் முடிந்தபின் ஜப்பானில் அமெரிக்கப் படைகள் தங்கின. படைகளோடு அவர்தம் இசையும் வந்து தங்கிற்று. படைவீரர்க்கென ஒலிபரப்பிய வானொலியைப் பக்கத்துத் தெருச் சிறுவர்களும் கேட்டனர். படைமுகாம்களின் கேளிக்கை மன்றங்களில் வாசித்துக் கூலிபெற்ற ஜப்பானிய வாத்தியக்காரர் பலர். அமெரிக்கத் தென்னாட்டுப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் புகழ் 1956-ஆம் ஆண்டில் எங்கும் பரவியபோது கியூ பள்ளிச் சிறுவர். அவர் பாடுமாறே பாடவும், அவர் ஆடுமாறே ஆடவும், அவரைப் போலவே தலைமயிரை வாரவும் பழகி, நண்பர் கூட்டங்களில் அதனைச் செய்துகாட்டிக் கைதட்டல் பெற்றார். அவ்வாண்டுகளில் அவர்தம் பெற்றோர் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தனர். கியூ தாயின் குடிப்பெயராகிய ஓஷிமாவை ஏற்றார். சகாமோட்டோ என்பது தந்தை வழிப்பெயர். மேடையில் மட்டும் அது நிலைத்தது.

1958-ஆம் ஆண்டு மே மாதத்தில், பதினாறு வயதினராக, டிரிப்டர்ஸ் என்னும் வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். சேர்ந்த வேலை பாடுதலன்று. வாத்தியங்களைச் சுமந்து செல்லும் எடுபிடி வேலை. இடையிடையே பாடவும் விட்டனர். அவ்வாண்டு பிப்ரவரியில் டோக்கியோ நகரத்து நிச்சிகெக்கி என்னும் பெரிய நாடக அரங்கில் வெஸ்டர்ன் கார்னிவல் என்ற பெயரால் ஓர் இசைவிழா தொடங்கியிருந்தது. ராக்கபில்லி என்னும் புதுவகை இசையைக் கேட்க இளம்பெண்கள் திரள்திரளாய் வந்து, மேடைமேல் காகிதச் சுருள்களை வீசிக் கூச்சலிட்டனர். பெற்றோரும் பத்திரிகையாளரும் நாடு கெட்டதென்று வருந்தினர். ஆகஸ்டு மாதத்து விழாவில் கியூவும் அம்மேடை ஏறினார். ஆயினும் டிரிப்டர்ஸ் குழுவில் தமக்குப் போதிய இடம் இல்லையென்று கண்டு, ஆண்டிறுதியில் அதனை விட்டு நீங்கி, டானி ஈடா என்பவர் நடத்திய பாரடைஸ் கிங் குழுவில் சேர்ந்தார்.

பாரடைஸ் கிங் முதலில் ஹவாய்த் தீவின் இசையை வாசித்த குழு, காலத்திற்கேற்ப மாறிக்கொண்டது. அக்குழுவுடன் கியூ 1960-ஆம் ஆண்டில் பாடிய ஒரு பாட்டு முதன்முதலாகப் பேர்பெற்றது. மத்தியதரைக் கடலோர நாடுகளில் வழங்கிய முஸ்தபா என்னும் பாட்டின் மெட்டுக்கு, யுக்கியோ அவோஷிமா என்பவர் நகைச்சுவை ததும்ப ஜப்பானியச் சொற்கள் அமைத்தார். காதலன் ஒருவன் பொருள் தேடித் தேடி, தேடி முடிந்தபோது அறுபது வயதாகிவிட்டதென்பது அதன் கருத்து. பதினெட்டு வயதுப் பையன் முகத்தைச் சிறிதும் மாற்றாமல் அதனைப் பாடியதைக் கேட்டு நாடே நகைத்தது. அம்மைத் தழும்பு போன்ற பருக்குழிகள் நிறைந்த முகமும், எப்பொழுதும் மலர்ந்த புன்சிரிப்பும் உடையவர். அழகர் என்று அவரை எவரும் சொன்னதில்லை. சொல்லாமையே அவர்க்கு நன்மையாயிற்று என்று நினைக்கிறேன். தெருவில் எதிர்ப்படும் பையனைப் போன்றவன் பாடுகின்றான் என்னும் எண்ணம் கேட்போர்க்கு உண்டாயிற்று.

இனி அப்பாட்டின் வரலாற்றுக்கு வருவோம். அதனை ஆக்கியோர் மூவர். மெட்டமைத்தவர் ஹச்சிடாய் நக்கமுரா. 1931-ஆம் ஆண்டு சீனத்துச் சிங்தாவ் நகரில் பிறந்தவர், ஜாஸ் இசையில் கைதேர்ந்த பியானோ வித்துவான். சொற்களை எழுதியவர் ரோக்குஸ்கே எய். டோக்கியோ நகரத்துப் பௌத்த ஆலயக் குடியிற் பிறந்து, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதி வாழ்ந்தவர். ரோக்கு என்றால் ஆறு. ஹச்சி என்றால் எட்டு. கியூ என்றால் ஒன்பது. ஆகவே மூவரையும் ஆறு-எட்டு-ஒன்பது என்றே ஜப்பானியர் குறிப்பாராயினர். ஒருவரும் திட்டமிடாது தானே பொருந்திய வேடிக்கை அது.

1960-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பாதுகாப்பு உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது. அந்நியப் படைகள் தம் மண்ணில் தங்குவதற்கு அஃது இடந்தருமென்று கருதி, மாணவரும் தொழிலாளரும் எழுத்தாளரும் இலட்சக்கணக்கிற் கூடிப் பாராளுமன்றத்தைச் சூழ்ந்து எதிர்த்தனர். ஜூன் 15-ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்தில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். இத்தனைக்குப் பின்னும் உடன்படிக்கை நிறைவேறியது. எதிர்த்தோர் கூட்டத்தில் எய்யும் ஒருவர். தோல்வியுற்று வீடு திரும்பும் வழியில், கண்ணீர் கீழே சிந்தாதிருக்க முகத்தை மேலே உயர்த்தி நடக்கும் ஒருவனை அவர் நினைத்தார். அக்கருத்தே பின்னர் பாட்டாயிற்று. மேல்நோக்கி நடப்போம் என்பது அதன் தலைப்பின் பொருள். பாட்டில் உடன்படிக்கையைப் பற்றியோ மாணவியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இரவில் தனியே நடக்கும் ஒருவனும், அவன் நினைக்கும் பருவங்களும், வானத்து விண்மீன்களுமே உள. கேட்டவர் பலரும் காதலியைப் பிரிந்தவன் பாட்டென்றே கொண்டனர். அவ்வாறு கொண்டதிற் பிழையொன்றுமில்லை. கவி தன் துயரத்தின் காரணத்தை மறைத்துத் துயரத்தை மட்டும் தந்துவிட்டான். பெற்றுக்கொண்டவர் தத்தம் காரணத்தை அதிலிட்டு நிரப்பிக்கொண்டனர்.

மெட்டும் அதற்கிசைந்ததே. பாட்டின் பெரும்பகுதி ஜப்பானியர் வழக்கத்திலுள்ள ஐந்து சுரங்களிலேயே நடக்கின்றது. நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் நீங்கிய அவ்வமைப்பு நம் மோகன ராகத்தின் ஆரோகண அவரோகணமே. நடுவிலோரிடத்து மட்டும் மெட்டு சற்றே இருண்டு, அமெரிக்க ஜாஸ் இசையின் சாயல் பெற்று, மீண்டும் தெளிகின்றது. இறுதியிற் சொற்களை விடுத்துப் பாடகர் சீழ்க்கை அடித்துச் செல்கின்றார். இருட்டில் தனியே நடப்பவன் துணைக்குச் சீழ்க்கை அடிப்பதனை நாமும் அறிவோமன்றோ?

1961-ஆம் ஆண்டு ஜூலையில் நக்கமுராவின் இசையரங்கொன்றில் கியூ இதனை முதன்முறை பாடியபொழுது ஒரு சங்கடம் நேர்ந்தது. அவர் ஒவ்வோர் உயிரெழுத்தையும் இரண்டாக உடைத்து, இடையே மூச்சைச் செருகி, விக்கல் எடுப்பவர் போலப் பாடினார். எல்விஸ் பிரெஸ்லியைப் பார்த்துக் கற்ற பழக்கம் அது. தாயார் வீட்டிற் பயின்ற பழைய ஜப்பானியப் பாட்டுமுறையின் சாயலும் அதில் கலந்திருந்ததென்று கருதுவோர் உளர். கேட்ட எய்க்குச் சினம் மூண்டது. தாம் நெஞ்சுருகி எழுதிய சொற்களைப் பையன் பரிகாசம் செய்கின்றான் என்று எண்ணினார். இப்பாட்டு ஒருநாளும் தேறாதென்று முடிவுகட்டினார். நக்கமுராவோ அதிற் குறை காணவில்லை.

இவ்விடத்தில் சிறிது நின்று பார்த்தல் தகும். எய்யின் பக்கத்தில் நியாயம் உண்டு. ஒரு தலைமுறையின் தோல்வியைச் சொல்லும் பாட்டை, அத்தோல்விக்குக் காரணமான நாட்டின் பாணியை அப்படியே கற்றுக்கொண்ட பையன் பாடினால், எழுதினவனுக்கு எப்படி இருக்கும்? ஆயினும் கியூ அழுகையை அழுகையாகப் பாடியிருந்தால் அது கேட்போரிடம் இரந்து நின்றிருக்கும். அவர் சிரித்த முகத்துடன் பாடினார். குரல் மட்டும் ஆங்காங்கே தடுக்கிற்று. அழுகையை அடக்குபவனுடைய மூச்சு அப்படித்தானே தடுக்கும்! கவி எழுதிய பொருளைக் கவியினும் செவ்வையாகப் பாடகன் உணர்ந்தானா, அன்றித் தற்செயலாய் அமைந்ததா என்று என்னால் அறுதியிட இயலவில்லை. பின்னாளில் எய் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அப்பாட்டு வந்தது. அக்டோபர் 15-ஆம் நாள் தோஷிபா கம்பெனியார் இசைத்தட்டாக வெளியிட்டனர். நாடெங்கும் விற்றது. அத்துடன் நின்றிருப்பின் ஜப்பானியர் மட்டுமே அறிந்த பாட்டாயிருக்கும்.

ஆங்கில நாட்டு இசைத்தட்டு நிறுவனமொன்றின் தலைவர் லூயிஸ் பெஞ்சமின் 1962-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்தபோது இம்மெட்டைக் கேட்டு மகிழ்ந்தார். ஊர் திரும்பிக் கென்னி பால் என்னும் எக்காள வித்துவானின் குழுவைக் கொண்டு, சொற்களின்றி வாத்திய இசையாக அதனைப் பதிவு செய்வித்தார். தலைப்பு நீளமாயும் நாவில் நுழையாததாயும் இருக்கவே, தாம் ஜப்பானில் உண்டு மகிழ்ந்த பண்டமாகிய சுக்கியாக்கியின் பெயரைப் பாட்டுக்கு இட்டுவிட்டனர். சுக்கியாக்கி என்பது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோயாச் சாறும் சர்க்கரையும் சேர்த்து இருப்புச் சட்டியில் வேகவைக்கும் உணவு. கண்ணீர் சிந்தாதிருக்க வானத்தைப் பார்த்து நடப்பவன் பாட்டுக்கு அப்பெயர்! நம் நாட்டுத் தாலாட்டொன்றை அயலார் எடுத்துச் சென்று, அதற்கு மிளகுத்தண்ணீர் என்று பெயரிட்டு விற்றால் நாம் என் சொல்வோம்?

அவ்விசை ஆங்கில நாட்டில் 1963-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்தாமிடம் வரை ஏறிற்று. அமெரிக்காவிலோ வாஷிங்டன் மாநிலத்துப் பாஸ்கோ என்னும் சிற்றூரின் வானொலி நிலையத்தார் கியூ பாடிய தட்டையே ஒலிபரப்பினர். கேட்டவர் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பினர். காப்பிட்டல் கம்பெனியார் அதனைச் சுக்கியாக்கி என்னும் பெயராலேயே வெளியிட்டனர். விளைந்ததை முன்னரே கூறினேன். அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகள் விற்றன. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் என்பர். இதே கடற்கரை மாநிலங்களிலிருந்துதான் 1942-ஆம் ஆண்டில் ஜப்பானிய வழியினர் ஏறக்குறைய ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேர் வீடுவாசல் இழந்து முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்தம் வீட்டு வானொலிப் பெட்டிகளில் 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலையங்களே ஜப்பானியப் பாட்டை முழங்கியபோது அவர்கள் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்க.

பெயரை மாற்றியது இழிவென்று பலர் இன்றும் கடிவர். எனக்கும் அது உவப்பன்று. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. பெயரைத்தான் மாற்றினரேயன்றிப் பாட்டின் மொழியை மாற்றினாரல்லர். ஆங்கிலத்தில் பெயர்த்து வேறொருவரைக் கொண்டு பாடுவித்திருந்தால், அவ்வாண்டு அமெரிக்கர் கேட்டது கியூவின் குரலாயிராது. கடைவாயிலில் தொங்கிய பலகை பொய். உள்ளிருந்த பண்டம் மெய்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கியூ லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றார். விமான நிலையத்தில் பெருங்கூட்டம் வரவேற்றது. ஸ்டீவ் ஆலன் என்பவரது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் பாடினார். ஆங்கிலம் அவர்க்கு மிகுதியும் வராது. புன்சிரிப்பே பெரும்பாலும் பேசிற்று. அடுத்து அமெரிக்காவில் வெளியான தட்டு ஐம்பத்தெட்டாம் இடத்தோடு நின்றது. பின்னர் அங்கே அவர் பெயர் மெல்ல மறைந்தது.

தாய்நாட்டிலோ அவர்க்கு அவ்வாண்டுகளே பொன்னான காலம். எய் எழுத, தாக்கு இஸுமி மெட்டமைத்த ஓர் இசைநாடகம் 1960-ஆம் ஆண்டிலேயே அரங்கேறியிருந்தது. பகலில் தொழிற்சாலையில் உழைத்து இரவிற் பள்ளி செல்லும் ஏழை மாணவர்களின் கதை அது. இரவில் வானத்து விண்மீனை அண்ணாந்து பாரென்னும் அதன் தலைப்புப் பாட்டைக் கியூ 1963-ஆம் ஆண்டில் பாடினார். அதே கதை திரைப்படமானபோது தாமே நடித்தார். மாலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அப்பாட்டு இன்னும் தம்முடைய பாட்டு. 1964-ஆம் ஆண்டில் அவர் பாடிய மற்றொன்று, மகிழ்ச்சியாயிருந்தால் கைகளைத் தட்டு என்னும் குழந்தைப் பாட்டு. இதன் வரலாறு நம் போன்ற கலாசாலையார்க்கு உவகை தருவது. வசேடாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த ரிஹிட்டோ கிமுரா 1959-ஆம் ஆண்டில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தொண்டு முகாமுக்காகப் பிலிப்பைன் தீவுகளுக்குச் சென்றார். போரில் ஜப்பானியப் படையால் மிகத் துன்புற்ற நாடு அது. அங்கே சிறுவர் பாடக் கேட்ட மெட்டொன்றுக்கு அவர் ஜப்பானியச் சொற்களை அமைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். மாணவர் வாய்வழியே பரவிய அப்பாட்டைக் கியூ தெருவிற் கேட்டுக் கற்றுக்கொண்டு இசைத்தட்டிற் பாடினார் என்பர்.

இதற்குள் காலம் மாறிற்று. வெஞ்சர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1965-ஆம் ஆண்டில் ஜப்பானெங்கும் வாசித்துச் சென்றபின், மின்சாரக் கித்தார் வாங்காத வாலிபன் வாலிபனல்லன் என்றாயிற்று. தாக்கேஷி தெராவுச்சி என்பவர் அவ்வாத்தியத்தில் மின்னல் வேகத்தில் வாசித்துப் பெரும்பெயர் பெற்றார். தொச்சிகி மாகாணத்து அஷிகாகா நகரத்தில் கல்வி அதிகாரிகள் மாணவர் மின்சாரக் கித்தார் தொடலாகாதென்று தடையே விதித்தனர். தடைகள் வழக்கம்போல் விளம்பரமாய் முடிந்தன. 1966-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஆங்கில நாட்டுப் பீட்டில்ஸ் குழுவினர் புடோக்கான் அரங்கில் பாடினர். ஜூடோ முதலிய வீரக்கலைகளுக்கென எழுப்பிய அரங்கில் நீள்மயிர் வாலிபர் கூச்சலிடுவதோ என்று சிலர் கொதித்தனர். அவ்வரங்கில் பீட்டில்ஸ் வருமுன் சில நொடிப்பொழுது மேடையேறிக் குதித்துப் பாடி ஓடிய குழுக்களுள் ஒன்று டிரிப்டர்ஸ். பதினாறு வயதுக் கியூ வாத்தியஞ் சுமந்த அதே பெயருடைய குழு. ஆட்கள் மாறியிருந்தனர், பின்னர் அவர்கள் நகைச்சுவையிற் பெரும்பெயர் பெற்றனர்.

அதன்பின் நாலைந்தாண்டுகள் எங்கு நோக்கினும் குழுக்கள். ஸ்பைடர்ஸ், புளூ காமெட்ஸ், டைகர்ஸ், டெம்ப்டர்ஸ், யோக்கஹாமாத் துறைமுகத்தின் கோல்டன் கப்ஸ், மாப்ஸ் என இன்னும் பல. குரூப் சவுண்ட்ஸ் என்று அவற்றைத் தொகுத்து வழங்கினர். புளூ காமெட்ஸ் 1967-ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுப் பரிசைப் பெற்றது. ஸ்பைடர்ஸ் 1965-ஆம் ஆண்டிலேயே தாமே இயற்றிய பாட்டைப் பாடினர். நிறுவனத்தார் பட்டுச்சட்டை உடுத்துவித்து இனிப்பான காதற்பாட்டுகளை முற்பக்கத்திற் பாடச் சொல்வர். வாலிபர்களோ தட்டின் மறுபக்கத்தில் தம் மனம்போல் கித்தாரை அலறவிடுவர். எனக்குப் பிடித்தவை மறுபக்கங்களே. 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டைகர்ஸ் கலைந்தபோது அவ்வலை ஓய்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1996-ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து அப்பாட்டுகளின் தொகுப்பொன்று வெளிவந்த பின்னரே பிறநாட்டார் பலர் அவற்றை அறிந்தனர். 1963-ஆம் ஆண்டில் கியூவுக்கு ஒரு மாதத்தில் கிடைத்த செவிகள் அவ்வாலிபர்க்கு ஒரு தலைமுறை கழித்தே கிடைத்தன.

அந்த அலையில் கியூ மிதக்கவில்லை. இருபத்தைந்து வயதிலேயே அவர் பழைய பாடகர். கூச்சலிட்ட இளம்பெண்கள் டைகர்ஸ் பக்கம் சென்றனர்; கியூச்சான் வீட்டிலுள்ள பாட்டிக்கும் பேரனுக்கும் உரியவராயினார். புதிய வெற்றிகள் அரிதாயின. தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளை நடத்தினார். 1973 முதல் 1975 வரை ஒளிபரப்பான பொம்மலாட்டக் கதையொன்றுக்குக் கதைசொல்லியாக இருந்தார். ஒரு கலைஞனுக்கு இது வீழ்ச்சி என்று சொல்வார் சொல்லட்டும். அவர் அக்காலத்திற் செய்த வேறொன்றை நான் சொல்ல விரும்புகிறேன்.

1964-ஆம் ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் உடற்குறையுடையோர்க்கான பாராலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அதற்கு முந்திய மாதத்தில் ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் பொருளை வாரியிறைத்த நாடு இதனைப் பொருட்படுத்தவில்லை. உடற்குறையுடைய பிள்ளையை வீட்டினுள் மறைத்து வைக்கும் வழக்கம் ஜப்பானில் அன்று வலுத்திருந்தது. புகழின் உச்சியிலிருந்த கியூ அப்பந்தயங்களுக்கு நிதி திரட்டும் கலைநிகழ்ச்சிகளில் முன்னின்றார். ஒருநாள் உபகாரமாக அதனை விட்டுவிடவுமில்லை. கைச்சைகை மொழியைக் கற்று, செவிப்புலனற்றோர் காண அம்மொழியிற் சைகை செய்துகொண்டே பாடினார். 1976-ஆம் ஆண்டு முதல் வடதீவாகிய ஹொக்காய்டோவின் தொலைக்காட்சியில் உடற்குறையுடையோரையும் அவர்க்குத் தொண்டு செய்வோரையும் சந்தித்து உரையாடும் நிகழ்ச்சியை நடத்தினார். அதற்காகப் பல்லாண்டுகள் டோக்கியோவிலிருந்து அத்தீவுக்குப் பயணம் செய்தார். அமெரிக்க வெற்றியினும் இதுவே அவர் தம் விருப்பத்தால் தேர்ந்துகொண்ட வாழ்வு என்பது என் துணிபு. அமெரிக்க வெற்றி அவர்க்கு வந்து வாய்த்தது; இதனை அவர் நாடிச் சென்றார்.

1971-ஆம் ஆண்டில் நடிகை யுக்கிகோ கஷிவாகியை மணந்தார். திருமணம் நடந்தவிடம் கஸாமா நகரத்து இனாரி ஆலயம். போர்க்காலத்திற் புகலளித்த ஊரை அவர் மறந்தாரல்லர். பெண்மக்கள் இருவர் பிறந்தனர்.

1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் புதிய இசைத்தட்டொன்று வெளியிட்டார். அதன் மறுபக்கத்தில் உள்ளத்தின் கண் என்னும் பொருள்படும் தலைப்புடைய பாட்டு இருந்தது. நெடுநாள் உடன் வாழ்ந்த இருவரின் அன்பைச் சொல்லும் பாட்டு அது. நாற்பத்துமூன்று வயதில் மீண்டும் பாட்டுக்கே திரும்பும் எண்ணத்துடன் இருந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள், தேர்தலில் நின்ற நண்பர் ஒருவர்க்குத் துணைசெய்ய ஓசாக்கா நகருக்குப் புறப்பட்டார். முன்னோரை வழிபடும் ஓபோன் பண்டிகை நெருங்கியமையின் ஊர்செல்வோர் மிகுதி. வழக்கமாகச் செல்லும் விமானக் கம்பெனியில் இடங்கிடையாமையால் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஏறினார். எண் 123. மாலை 6 மணி 12 நிமிடத்துக்கு ஹனேடா நிலையத்தினின்று எழுந்த அவ்விமானத்தின் வாற்பகுதி பன்னிரண்டாம் நிமிடத்தில் வெடித்துச் சிதறிற்று. விமானத்தைத் திருப்பும் குழாய் எண்ணெய் முழுதும் ஒழுகிப்போயிற்று. விமானிகள் இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் முப்பத்திரண்டு நிமிடம் போராடினர். அவ்வேளையில் பயணியர் சிலர் தம் மனைவி மக்களுக்குத் துண்டுக் காகிதங்களில் விடைபெறு மொழி எழுதினர். 6 மணி 56 நிமிடத்துக்குக் குன்மா மாகாணத்து உவேனோ கிராமத்து மலைமுகட்டில் விமானம் மோதி வீழ்ந்தது. அதிலிருந்தோர் 524 பேர். மாண்டவர் 520 பேர். ஒரே விமானத்துக்கு நேர்ந்த விபத்துகளில் இத்தனை உயிர் கொண்டது வேறில்லை.

காரணம் பின்னர் அறியப்பட்டது. ஏழாண்டுகளுக்கு முன், 1978-இல், அவ்விமானம் ஓசாக்காவில் இறங்குகையில் வால் தரையில் மோதியது. காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரைச் செப்பனிட்டவர்கள், இரண்டு வரிசை ஆணிகள் பிணிக்க வேண்டிய தகட்டை ஒரு வரிசை ஆணிகளே தாங்குமாறு பொருத்திவிட்டனர். ஏழாண்டுகள், பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள், அந்த ஒருவரிசை தாங்கிற்று.

கியூவின் உடலைக் கண்டு தெளிவதற்குப் பலநாட்கள் சென்றன. அடையாளங் காட்டியது அவர் கழுத்தில் அணிந்திருந்த சிறு பதக்கம். அது கஸாமா இனாரி ஆலயத்துப் பதக்கம்.

உள்ளத்தின் கண் என்னும் அந்த மறுபக்கப் பாட்டு, அவர் மறைந்தபின் பள்ளி ஆசிரியர் வழியாகப் பரவி, ஜப்பானிய நடுநிலைப் பள்ளி மாணவர் சேர்ந்திசைக்கும் பாட்டாயிற்று. ஹொக்காய்டோவின் குரியாமா என்னும் ஊரில், உடற்குறையுடையோர்க்குத் தொண்டு செய்யுமிடத்தில், அவர்க்கு நினைவு மண்டபம் எழுந்தது. வானத்தில் 6980 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கு வானநூலார் அவர் பெயரை இட்டனர். 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து நிலநடுக்கமும் கடல்கோளும் நாட்டின் வடகிழக்கைச் சிதைத்தபின், ஜப்பானியக் கலைஞர் பலர் வரிக்கொருவராய்க் கூடிப் பாடியது மேல்நோக்கி நடக்கும் அப்பாட்டையே. காவாசாக்கி ரயில் நிலையத்தில் வண்டி வரும்போது இக்காலத்து ஒலிப்பதும் அதே மெட்டு. சொற்கள் இல்லை, சில சுரங்களே.